ஒரு நீதிபதியின் நியமனத்துக்கு ஆதரவு திரட்டிய ஓராண்டு

2012 ஜூன் 11 அன்று அதிபர் ஒபாமா, வாஷிங்டன் டி.சி. வட்டாரத்துக்கான ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஸ்ரீகாந்த் சீனிவாசனின் பெயரை முன்மொழிந்தார். அந்தச் செய்தி வந்தபோது நான் ஹூஸ்டனில் கணக்காளராக வேலை செய்துகொண்டிருந்தேன். மாலை வேளைகளில் எங்கள் சிறிய இந்தியர் சங்கத்தின் பொருளாளர் பொறுப்பையும் கவனித்து வந்தேன். சட்டம் படித்தவனல்லன். ஆயினும் அடுத்த பதினொரு மாதங்கள் அந்த நியமனத்துக்காகக் கடிதம் எழுதுவதும், எழுதச் சொல்வதும், தொலைபேசியில் பேசுவதுமாகக் கழிந்தன. இத்தகைய வேலையில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் அந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

சீனிவாசன் சண்டிகரில் பிறந்து, கேன்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் வளர்ந்தவர். அவருடைய தந்தை திருநெல்வேலிக்கு அருகே தாமிரபரணிக் கரையில் உள்ள மேலத் திருவேங்கடநாதபுரத்தைச் சேர்ந்தவர்; கேன்சாஸ் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். சீனிவாசனோ உச்ச நீதிமன்ற நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானரிடம் சட்ட எழுத்தராக, அதாவது ஆய்விலும் எழுத்திலும் நீதிபதிக்கு உதவும் இளம் வழக்கறிஞராக, பணியாற்றி, பிறகு அதே நீதிமன்றத்தில் இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகளை வாதாடி, அப்போது உச்ச நீதிமன்றத்தில் அரசுக்காக வாதாடும் அலுவலகத்தில் துணை சொலிசிட்டர் ஜெனரலாக இருந்தார். நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் வாக்கெடுத்து நியமனத்தை உறுதிசெய்தால், ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அமரும் முதல் தெற்காசிய வம்சாவளியினர் அவரே. அரசுத் துறைகளின் விதிமுறைகளை எதிர்த்து வரும் பெரிய வழக்குகளில் பல அந்த நீதிமன்றத்துக்குத்தான் செல்கின்றன. அன்றைய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளில் நால்வர் அங்கிருந்து போனவர்கள். 2006க்குப் பிறகு அதுவரை அங்கே புதிய நீதிபதி ஒருவர்கூட உறுதிசெய்யப்படவில்லை.

முதல் கேள்வி சங்கத்துக்குள்ளிருந்தே எழுந்தது. நாங்கள் வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளை. அரசியலில் தலையிட்டால் விலக்குப் போய்விடாதா என்று செயற்குழுவில் இருவர் அஞ்சினர். அந்த அச்சம் நியாயமானது என்பதால் விதிகளை எடுத்துப் படித்தேன். வருமான வரித்துறை 1988ஆம் ஆண்டிலேயே இதைத் தெளிவுபடுத்தியிருக்கிறது: ஒரு நீதிபதியின் நியமனத்தை உறுதிசெய்யும்படி செனட்டை வலியுறுத்துவது தேர்தல் பிரசாரம் ஆகாது, சட்டமியற்றலில் செல்வாக்குச் செலுத்தும் முயற்சியாகவே, அதாவது லாபியிங்காகவே, கணக்கிடப்படும். தேர்தல் பிரசாரம் இத்தகைய அமைப்புகளுக்கு அறவே கூடாது. லாபியிங் ஓர் அளவுக்குள் கூடும். ஆகவே அஞ்சல்தலை, காகிதம், தொலைநகல் ஆகியவற்றுக்கான செலவைத் தனிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். அந்த ஒரு பக்கம்தான் செயற்குழுவின் கையொப்பத்தைப் பெற்றுத் தந்தது.

அடுத்து நான் செய்தது பிழை. ஒரே வாசகத்தைத் தட்டச்சு செய்து, கோயில் வாசலில் நின்று கையொப்பம் வாங்கி, ஒரு கட்டாக வாஷிங்டனுக்கு அஞ்சலில் அனுப்பினேன். மூன்று வாரங்கள் கழித்து ஒரு செனட்டரின் அலுவலகத்தை அழைத்துக் கேட்டபோது, கடிதங்கள் இன்னும் வந்து சேரவில்லை என்றார்கள். 2001ஆம் ஆண்டில் அஞ்சல் உறைகளில் ஆந்த்ராக்ஸ் நோய்க்கிருமியை அனுப்பி நடத்திய தாக்குதலுக்குப் பிறகு, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குச் செல்லும் அஞ்சல்கள் வேறோர் இடத்தில் கதிர்வீச்சுக்கு உட்படுத்தப்பட்ட பின்னரே உள்ளே அனுப்பப்படுகின்றன என்பதை அன்றுதான் அறிந்தேன். போய்ச் சேர்ந்தாலும் ஒரே வாசகம் கொண்ட கடிதங்கள் ஒரே குவியலாக எண்ணப்பட்டு, எண்ணிக்கை மட்டுமே மேலே போகும் என்று அந்த இளம் பணியாளர் பொறுமையாக விளக்கினார். அன்றிலிருந்து செனட்டரின் உள்ளூர்க் கிளை அலுவலகத்தில் நேரில் கொடுப்பது அல்லது தொலைநகலில் அனுப்புவது, ஒவ்வொருவரும் தம் சொற்களில் எழுதுவது என்று முடிவுசெய்தோம். தொலைபேசியில் அழைத்தால் பெயரையும் அஞ்சல் குறியீட்டு எண்ணையும் கேட்பார்கள். ஆதரவா எதிர்ப்பா என்று குறித்துக்கொள்வார்கள். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த ஒரு நிமிடத்துக்குத் தயங்கியவர்களே அதிகம்.

எங்களுக்கு ஒரு சாதகம் இருந்தது. டி.சி.க்கு செனட்டர்கள் இல்லாததால் சொந்த மாநில செனட்டர் சம்மதம் எழுதித் தராவிட்டால் நியமனத்தை நிறுத்திவைக்க உதவும் சம்மதச் சீட்டு என்னும் தடை இந்த நியமனத்துக்கு இல்லை. மாறாக, 2013 தொடக்கத்தில் டெக்சாஸின் இரு செனட்டர்களான ஜான் கார்னினும் டெட் குரூஸும், நீதிபதி நியமனங்களை முதலில் ஆராயும் செனட்டின் நீதித்துறைக் குழுவிலேயே இருந்தனர். இருவரும் குடியரசுக் கட்சியினர். ஆகவே எங்கள் கடிதம் வெறும் வாழ்த்துரையாக இல்லாமல், எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் மனமொப்பி ஏற்கக்கூடிய காரணங்களைக் கொண்டிருக்க வேண்டியிருந்தது. இரு கட்சி நிர்வாகங்களிலும் சொலிசிட்டர் ஜெனரல் அலுவலகத்தில் பணிபுரிந்தவர்கள் சேர்ந்து அவரை ஆதரித்துக் கடிதம் அனுப்பியிருந்தார்கள். அதைத்தான் நாங்கள் முன்வைத்தோம். 'நம் இனத்தவர்' என்பதை இரண்டாம் பத்திக்குத் தள்ளினோம்.

இந்த இடத்தில்தான் எனக்கு மிகக் கடினமான உரையாடல் நேர்ந்தது. எங்கள் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் கணக்கு மோசடியால் சரிந்த ஹூஸ்டன் எரிசக்தி நிறுவனமான என்ரானில் பொறியாளராக இருந்தவர். ஓய்வூதியச் சேமிப்பின் பெரும்பகுதி அந்நிறுவனப் பங்குகளிலேயே இருந்தது. 2000ஆம் ஆண்டில் தொண்ணூறு டாலர் வரை விற்ற பங்கு, 2001 டிசம்பரில் நிறுவனம் திவாலானபோது ஒரு டாலர்கூடப் பெறவில்லை. பேர்லாந்து மீனாட்சி கோயிலின் உணவுக்கூடத்தில், தயிர்சாதத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, நான் நீட்டிய தாளைக் கடைசி வரி வரை படித்தார். பிறகு கேட்டார்: "ஸ்கில்லிங்குக்காக சுப்ரீம் கோர்ட்ல வாதாடினவர் இவர்தானே? ஹூஸ்டன்காரங்க ஜூரியா உட்கார்ந்தா நியாயம் கிடைக்காதுன்னு சொன்னவர்தானே? அவருக்கு நான் கையெழுத்துப் போடணுமா?"

அவர் சொன்னது உண்மை. 2010 மார்ச்சில் என்ரானின் முன்னாள் தலைவர் ஜெஃப்ரி ஸ்கில்லிங் சார்பில் சீனிவாசன் வாதாடினார். விசாரணை ஹூஸ்டனில் நடந்ததே அநீதி என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் தம்மை நம்பியவர்களுக்கு நேர்மையாகப் பணியாற்றத் தவறுவதைக் குற்றமாக்கும் 'நேர்மையான சேவை' மோசடி என்ற பிரிவை, லஞ்சத்துக்கும் ஒப்பந்தத்துக்குக் கைமாறாகப் பெறும் ரகசியக் கழிவுக்கும் மட்டும் பொருந்துமாறு சுருக்கியது. நான் அவசரமாகப் பதில் சொல்லவில்லை. கட்சிக்காரர் செய்த குற்றம் வழக்கறிஞரின் குற்றமாகாது, குற்றம் சாட்டப்பட்டவருக்குத் திறமையான வாதம் கிடைத்தால்தான் தீர்ப்புக்கு மதிப்பு என்பதை எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். இன்று அரசுக்காக வாதாடுபவரும் அவரேதான் என்றேன். அவர் தலையசைத்தாரே தவிர, பேனாவை எடுக்கவில்லை. அவரை வற்புறுத்துவது தவறு என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் அப்படியே நினைக்கிறேன். சேமிப்பை இழந்த ஒருவரின் கசப்பை, ஓர் இனப் பெருமையைக் காட்டி அடக்கப் பார்ப்பது நீதியின் பெயரால் செய்யத் தக்கதன்று. பத்து நாள் கழித்துத் தாமே தனியாக ஒரு தொலைநகல் அனுப்பிவிட்டதாகச் சொன்னார். அதில் என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை.

இதற்கிடையில், முன்மொழியப்பட்டவரை நீதித்துறைக் குழு நேரில் கேள்வி கேட்கும் விசாரணைக் கூட்டம் 2012 முழுவதும் நடக்கவே இல்லை. அந்தக் காங்கிரசின் பதவிக்காலம் முடிந்ததும் முன்மொழிவு அதிபரிடமே திரும்பிப் போனது. 2013 ஜனவரியில் மீண்டும் முன்மொழியப்பட்டது. எங்கள் கோப்பிலிருந்த கடிதங்களின் கடைசி வரியை ஒவ்வொரு கட்டத்திலும் மாற்ற வேண்டியிருந்தது என்பதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். கூட்டத்துக்கு முன் "விசாரணைக்கு நாள் குறியுங்கள்" என்று கேட்க வேண்டும். கூட்டம் முடிந்தபின் "குழுவில் வாக்கெடுங்கள்" என்று கேட்க வேண்டும். குழுவைக் கடந்தபின் "அவையில் வாக்கெடுங்கள்" என்று கேட்க வேண்டும். கட்டம் மாறியது தெரியாமல் பழைய வேண்டுகோளை அனுப்பினால், எழுதியவர் விவரமறியாதவர் என்று படிப்பவர் எண்ணிவிடுவார்.

2013 ஏப்ரல் 10 அன்று விசாரணைக் கூட்டம் நடந்தது. அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கணினியில் பார்த்தேன். எவ்வளவு சுற்றிக் கேட்டாலும் எதிர்காலத்தில் எப்படித் தீர்ப்பளிப்பேன் என்று அவர் ஓரிடத்திலும் வாக்குக் கொடுக்கவில்லை. நிதானம் குன்றாமல், கேள்வி கேட்டவரின் கட்சியைப் பாராமல் விடையளித்தார். எங்கள் கடிதங்களில் நாங்கள் விளக்க முயன்று தடுமாறிய குணம் அதுதான். முன்பு சட்ட எழுத்தர்களாக இருந்த காலத்திலிருந்தே அவரும் குரூஸும் நண்பர்கள் என்பதும் அன்று அவையறியத் தெரிந்தது. மே 16 அன்று குழு 18 வாக்குகளுடன், எதிர்ப்பின்றி, அவரை ஏற்றது. எங்கள் இரு செனட்டர்களும் அந்தப் பதினெட்டில் அடங்குவர்.

மே 23, வியாழக்கிழமை. அவை எழுத்தர் பெயர்களை அகர வரிசையில் ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க, ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். ஐந்தைந்தாகக் கட்டிய கோடுகள் பத்தொன்பது கட்டுகளைத் தாண்டி இரண்டு கோடுகளில் நின்றன. ஆதரவு 97, எதிர்ப்பு எவருமில்லை.

எங்கள் கடிதங்களால்தான் இது நடந்தது என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். நடந்த பிறகு செய்ய வேண்டிய ஒன்று மீதமிருந்தது: ஆதரித்து வாக்களித்தவர்களுக்கு நன்றிக் கடிதம். வேண்டும்போது அழைத்துவிட்டுக் கிடைத்ததும் மௌனமாகிவிட்டால், அடுத்த முறை அந்த அலுவலகத்தில் நம் குரலுக்கு மதிப்பிருக்காது. மகன் வீட்டில் தங்கியிருந்த திருநெல்வேலிப் பெரியவர் ஒருவர், தாமும் எழுத வேண்டும் என்றார். "திருவேங்கடநாதபுரம் எங்க ஊர்ல இருந்து கூப்பிடு தூரந்தான் தம்பி" என்று சொல்லிக்கொண்டே தமிழில் ஒரு பக்கம் எழுதித் தந்தார். அதை நான் ஆங்கிலத்தில் பெயர்த்து, இரண்டு தாள்களையும் ஒன்றாகப் பின் அடித்து, மறுநாள் மதிய உணவு நேரத்தில் ஹூஸ்டன் கிளை அலுவலகத்தில் கொடுத்தேன். வரவேற்பு மேசையில் இருந்த பெண் தமிழ்த் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இரண்டின் மீதும் தேதி முத்திரையைக் குத்தி வாங்கிக்கொண்டார்.