பக்கத்து நோட்டில் இருந்த விடைகள்

இளநிலை வேதியியல் படிப்பவர்களிடம் எந்தத் தாள் பயமுறுத்துகிறது என்று கேட்டால் பெரும்பாலும் கரிம வேதியியலைத்தான் சொல்வார்கள். என்னை முதல் ஆண்டில் மிரட்டியது உப்புப் பகுப்பாய்வு. ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடியைக் கொடுத்து, அதிலுள்ள நேரயனி எது, எதிரயனி எது என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். சோதனை, காண்பன, அறிவன என்று கையேடு முழுக்கக் கட்டங்கள். அவற்றை மனப்பாடம் செய்து நல்ல மதிப்பெண்ணே வாங்கிவிடலாம், வாங்கியவர்களும் உண்டு. சோதனைகள் ஏன் அந்த வரிசையில் இருக்கின்றன என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை.

விடை இயற்பியல் வேதியியல் நோட்டில் இருந்தது. கரைதிறன் பெருக்கமும் (உப்பு திண்மமாகப் படியத் தொடங்க அயனிகளின் செறிவு தாண்ட வேண்டிய எல்லை) பொது அயனி விளைவும் (கரைசலில் உள்ள அயனியையே மேலும் சேர்த்தால் அயனியாதல் குறைவது) அங்கே வெறும் கணக்குகளாக வந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் திறந்தது. எதைச் சேர்த்தால் வீழ்படிவாகும், அதாவது திண்மமாகப் படியும் என்பதை வைத்து நேரயனிகளைத் தொகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். இரண்டாம் தொகுதியில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்த பிறகு ஹைட்ரஜன் சல்பைடைச் செலுத்துகிறோம். அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் சல்பைடு அயனிகளின் செறிவை மிகக் குறைத்துவிடுகின்றன. அந்தச் சொற்ப அளவிலும் வீழ்படிவாகக்கூடியவை, கரைதிறன் பெருக்கம் மிகக் குறைந்த காப்பர், காட்மியம், பிஸ்மத் போன்றவற்றின் சல்பைடுகளே. துத்தநாகமும் மாங்கனீசும் கரைசலிலேயே தங்கிவிடும். பிறகு அம்மோனியா சேர்த்துக் காரமாக்கினால் சல்பைடு செறிவு ஏறி, அவையும் வீழ்படிவாகும். மூன்றாம் தொகுதியில் அம்மோனியம் குளோரைடுக்கும் இதே வேலைதான். அது ஹைட்ராக்சைடு செறிவைக் கட்டுப்படுத்துவதால் இரும்பும் அலுமினியமும் படிகின்றன, மக்னீசியம் படிவதில்லை.

மூன்றாம் தொகுதிக்கு முன், வடிகட்டிக் கிடைத்த நீரைக் கொதிக்கவைத்து, சில துளி நைட்ரிக் அமிலம் விடச் சொல்லும் படியை நாங்கள் சடங்குபோலச் செய்துவந்தோம். ஹைட்ரஜன் சல்பைடு இரும்பை இரண்டு நேர்மின்சுமை கொண்ட அயனியாக ஒடுக்கியிருக்கும். அம்மோனியம் குளோரைடு இருக்கும்போது அது முழுமையாகப் படியாது. அதை மறுபடி மூன்று நேர்மின்சுமைக்கு ஆக்சிஜனேற்றத்தான் அந்தத் துளிகள். இது தெரிந்த பிறகு கையேட்டைத் திறக்கும் தேவை பாதியாகக் குறைந்தது. (அழுகிய முட்டை நாற்றம் மட்டும் குறையவில்லை. அந்த வாயு நச்சு. புகைபோக்கிப் பெட்டியை விட்டு வெளியே அதைத் திறக்கவே கூடாது.)

அன்றுமுதல் ஒரு தாளைப் படிக்கும்போது வேறொரு தாளின் நோட்டையும் திறந்துவைப்பது என் வழக்கமாயிற்று. பாடத்திட்டம் கரிமம், கனிமம், இயற்பியல் என்று பிரித்துவைத்திருப்பது தேர்வு நடத்துவதற்கு வசதி. படிப்பவருக்கு அதனால் பெரிய பயன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கரிம வேதியியலில் இதன் பலன் அதிகம். இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜன், ஏற்கெனவே அதிக ஹைட்ரஜன் உள்ள கார்பனில் போய்ச் சேரும் என்ற மார்க்கோனிகாப் விதியைப் பள்ளியில் ஒப்பித்திருந்தோம். ஹைட்ரஜன் புரோமைடு புரோப்பீனோடு சேரும்போது உருவாகும் கார்பன் நேரயனிகளில் எது நிலையானது என்று வரைந்து பார்த்தால், விதியை நினைவில் வைத்திருக்கவே தேவையில்லை. பெராக்சைடு இருந்தால் விளைபொருள் ஏன் மாறுகிறது என்பதும் அப்படித்தான்: அங்கே முதலில் சேர்வது ஹைட்ரஜன் அல்ல, புரோமின் தனி உறுப்பு, அதாவது இணையாத எலக்ட்ரான் கொண்ட புரோமின் அணு. ஒரு தொகுதி வெளியேறி இன்னொன்று அதன் இடத்தைப் பிடிக்கும் எஸ்.என்.1, எஸ்.என்.2 வினைகளை வேதிவினை வேகவியலோடு சேர்த்துப் படித்தேன். மூவிணைய பியூட்டைல் புரோமைடின் நீராற்பகுப்பு வேகம் கருக்கவர் பொருளின் (எலக்ட்ரான் இணையைத் தந்து சேரும் பொருள்) செறிவைச் சார்ந்திருப்பதில்லை. ஆகவே வேகத்தைத் தீர்மானிக்கும் படியில் அதற்குப் பங்கில்லை. ஒரு வேகச் சமன்பாட்டை வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகள் என்ன செய்கின்றன என்று சொல்லிவிட முடிகிறது! எலக்ட்ரான்கள் நகர்வதைக் காட்டும் வளைந்த அம்புகளைப் பென்சிலால் வரைந்து பார்க்காமல், வாசித்து மட்டும் கரிமத்தில் தேறியவரை நான் பார்த்ததில்லை. அம்பு எலக்ட்ரான் இருக்கும் இடத்தில் தொடங்க வேண்டும். திருத்துபவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

வெப்ப இயக்கவியலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பகுதி வகையீடு (பல மாறிகளில் ஒன்றை மட்டும் மாற்றி வகையிடுவது) தெரியாமல் அதில் நுழைந்தால் துன்பம். துணைப்பாடக் கணிதத்தை அலட்சியப்படுத்தியவர்கள் அங்கே மாட்டிக்கொள்வார்கள். அலகுகளை ஒவ்வொரு வரியிலும் எழுதுவது பெரும்பாலான தொல்லைகளைத் தவிர்க்கும். வாயு மாறிலி ஜூலில் 8.314, லிட்டர்-வளிமண்டலத்தில் 0.0821 என்பதை அலகு எழுதாமல் பிரித்தறிவது கடினம்.

குவாண்டம் இயக்கவியல்தான் எதிர்பாராத மகிழ்ச்சி. பெட்டிக்குள் அடைபட்ட துகளின் ஆற்றல், பெட்டி நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். அதே கணக்கைப் பீட்டா கரோட்டினுக்குத் தோராயமாகப் பொருத்தலாம். அடுத்தடுத்து ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் 11 இரட்டைப் பிணைப்புகளால் எலக்ட்ரானின் பெட்டி நீள்கிறது, ஆற்றல் இடைவெளி சுருங்குகிறது, உறிஞ்சல் நீல ஒளிப் பகுதிக்கு, அதாவது 450 நானோமீட்டர் அருகே வந்துவிடுகிறது. அதனால்தான் அது ஆரஞ்சாகத் தெரிகிறது. முதல் ஆண்டில் வெறும் சமன்பாடாகக் கடந்துபோனதற்கு நிறம் கிடைத்தது கடைசி ஆண்டில்தான்.

இறுதிப் பருவத்தில் நிறமாலைகளை வைத்துச் சேர்மத்தைக் கண்டறிய வேண்டும். எனக்கு வந்தது மூன்று கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். அகச்சிவப்பு நிறமாலையில் 1715 செ.மீ⁻¹ அருகே வலுவான பட்டை, ஆகவே கார்போனைல், அதாவது கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு. ஹைட்ரஜன்களின் சூழலைக் காட்டும் என்.எம்.ஆர். (அணுக்கரு காந்த ஒத்திசைவு) நிறமாலையில் 2.1 பி.பி.எம். அருகே ஒரே ஒரு குறிகை. புரோப்பனலாக இருந்தால் மூன்று குறிகைகள் வர வேண்டும், அவற்றில் ஒன்று 9.8 அருகே. எனவே அசிட்டோன் என்று எழுதினேன். வாய்மொழித் தேர்வில், அந்தக் குறிகை ஏன் பிளவுபடவில்லை என்று கேட்டார்கள். ஆறு ஹைட்ரஜன்களும் சமானமானவை, பக்கத்துக் கார்பனில் ஹைட்ரஜனே இல்லை என்றேன். தலையசைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.