ஸ்டாப்வாட்ச் காட்டாத களைப்பு

உடற்கல்வி படிக்கும் ஓட்டக்காரிக்கு ஒரு நாளில் எவ்வளவு ஓட்டம் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. காலையில் கோச்சுடன் டிராக். அப்புறம் பிராக்டிகல் வகுப்பு: ஒரு வாரம் கபடி, இன்னொரு வாரம் ஜிம்னாஸ்டிக்ஸ். சாயங்காலம் மறுபடியும் டிராக். கோச்சுக்கு அவர் கொடுக்கும் ஒர்க்-அவுட் மட்டும்தான் கணக்கு, பிராக்டிகல் சாருக்கு அவர் பாடம். இரண்டையும் கூட்டிப் பார்க்க ஆளே கிடையாது. நான் 800, 1500 மீட்டர் ஓடுகிறவள். பல்கலைக்கழகப் போட்டிகளுக்கான செலக்‌ஷன் நெருங்கிய சமயத்தில் இதெல்லாம் சேர்ந்து என்னைப் படுக்கப் போட்டது.

முதலில் கெட்டது டைமிங் இல்லை, என் குணம்தான். மெஸ்ஸில் சாம்பார் தீர்ந்துவிட்டது என்று சொன்னதற்கு அழுதேன். ரூம்மேட் ஃபேனைக் கூட்டி வைத்தால் சண்டை. உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும், ஆனால் தூக்கம் வராது. போனில் அம்மா, "கண்ணு பட்டிருக்கும்டி, ஊருக்கு வா, சுத்திப் போடறேன்" என்றார். கோச், "உன் மைண்டு இங்க இல்லம்மா" என்றார். டைமிங் விழுந்தது அதற்குப் பிறகுதான். 300 மீட்டரைத் திரும்பத் திரும்ப ஓடும் ரிப்பீட்டில் கடைசி இரண்டுக்கும் கால் வரவே இல்லை. சோம்பல் என்று முடிவு கட்டி, அடுத்த வாரம் ரிப்பீட்டைக் கூட்டினார்கள்!

சீனியர் அக்கா ஒருவர்தான் டாக்டரிடம் இழுத்துப் போனார். அதிகப் பயிற்சியால் வரும் இந்த நிலைக்குத் தனியாக ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. ரத்தசோகை, தைராய்டு, ஏதாவது தொற்று என்று ஒவ்வொன்றாக இல்லை என்று தள்ளிய பிறகுதான் அந்த முடிவுக்கு வர முடியும். எனக்கு ஹீமோகுளோபின் சரியாக இருந்தது, ஃபெரிட்டின் குறைவு. அதாவது உடம்பில் இரும்புச்சத்தின் இருப்பு கரைந்துகொண்டிருந்தது. பீரியட்ஸ் ஒழுங்காக வருகிறதா என்று டாக்டர் கேட்டார். தள்ளித் தள்ளித்தான் வந்துகொண்டிருந்தது. டிராக்கில் இதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. உடம்பு செலவழிக்கும் சக்திக்கு ஈடாகச் சாப்பாடு உள்ளே போகாவிட்டால் மாதவிலக்கு, எலும்பு, மனநிலை எல்லாமே அடிவாங்கும் என்றார். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இதற்கு ரெட்-எஸ் என்று பெயர் வைத்ததை அப்புறம் படித்தேன். சாயங்காலப் பிராக்டிஸ் முடிந்து நாங்கள் போகும்போது மெஸ்ஸில் முட்டையும் சுண்டலும் காலியாகியிருக்கும், மீதி இருப்பது சோறும் ரசமும்தான்.

மாத்திரையும் ஓய்வும் எழுதிக் கொடுத்தார். எனக்கு அதைவிட உதவியது உளவியல் எடுக்கும் மேடம் கொடுத்த ஒரு தாள். போம்ஸ் என்ற மனநிலை வினாத்தாளைப் பரீட்சைக்காக நாங்கள் எல்லோரும் மனப்பாடம் செய்தவர்கள்தான். 1971-ல் வந்தது, 65 சொற்கள். பதட்டம், மனச்சோர்வு, கோபம், உற்சாகம், களைப்பு, குழப்பம் என்று ஆறு வகையாக மதிப்பெண் வரும். நல்ல நிலையில் இருக்கும் வீரருக்கு உற்சாகம் மட்டும் சராசரிக் கோட்டுக்கு மேலே நிற்கும், மற்ற ஐந்தும் கீழே இருக்கும். இதைத்தான் விளையாட்டு உளவியலாளர் வில்லியம் மார்கன் பனிப்பாறை வடிவம் என்றார். கல்லூரி நீச்சல் வீரர்களைப் பல வருடம் கவனித்து, பயிற்சி ஏற ஏற மனநிலை கெடுவதையும், குறைத்தால் தேறுவதையும் 1987-ல் அவரும் சகாக்களும் எழுதினார்கள். என் தாளில் பனிப்பாறை கவிழ்ந்து கிடந்தது: உற்சாகம் கீழே, மற்றவை மேலே.

மேடம் ஒரு நிபந்தனை போட்டார்: தாள் கோச் கைக்குப் போகக்கூடாது. போனால் செலக்‌ஷன் பயத்தில் எல்லோரும் "சூப்பரா இருக்கேன்" என்றுதான் எழுதுவார்கள். சரியான யோசனை.

கோச்சுக்கு வேறு கணக்கு காட்டினோம். உடற்பயிற்சி ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர் சொன்ன எளிய முறை: பயிற்சி எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று பத்துக்கு ஒரு எண் போட்டு, அதை நிமிடங்களால் பெருக்க வேண்டும். 90 நிமிட டிராக்குக்கு 8 போட்டால் 720. ஒரு மணி நேர ஜிம்னாஸ்டிக்ஸுக்கு 5 போட்டால் 300. பிராக்டிகல் வகுப்புகளையும் சேர்த்து வாரக் கூட்டலைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. மனசு சரியில்லை என்றால் காதில் வாங்காதவர், எண்ணைப் பார்த்ததும் பேனாவை எடுத்துவிட்டார். எனக்கு அதில் இன்னும் கொஞ்சம் கோபம் உண்டு.

அந்த செலக்‌ஷனுக்குப் போகவில்லை. முதலில் நடை மட்டும், பிறகு பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் மெதுவோட்டம், ஆணி வைத்த ஓட்ட ஷூவான ஸ்பைக்ஸ் கடைசியில். தாளில் உற்சாகம் கோட்டைத் தாண்டி ரொம்ப நாள் கழித்துத்தான் பழைய டைமிங் வந்தது. இடைப்பட்ட காலம் பொறுமையைச் சோதித்தது. என்னோடு ஓடியவர்கள் போட்டிக்கு ரயில் ஏறிய அன்று நான் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன்.

இப்போது ஜிம்னாஸ்டிக்ஸ் இருக்கும் நாளில் சாயங்காலம் எனக்கு ஸ்ட்ரெட்ச்சிங் மட்டும்தான். மெஸ் அக்காவிடம் சொல்லி எங்கள் ஆறு பேருக்கும் முட்டையைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறோம். பிராக்டிகல் சார் மட்டும் இன்னும் இறங்கி வரவில்லை. போட்டிக்கு முந்தைய வாரம் விலக்கு கேட்டு எழுதிய கடிதம் அவர் மேசையில்தான் இருக்கிறது, இன்டர்னல் மார்க்கும் அவர் கையில்தான்.