கார்டு டெஸ்ட்டை எந்த நாளில் எடுப்பது: என் அனுபவம்

கர்ப்பம் பார்க்கிற கார்டின் அட்டையில், மாதவிலக்கு தள்ளிப்போன முதல் நாளிலிருந்தே பார்க்கலாம் என்று போட்டிருக்கும். தேதி தவறாமல் வருகிறவர்களுக்கு அது சரியான கணக்குதான். எனக்கு நீர்க்கட்டி. ஒரு தடவை முப்பத்தைந்து நாளில் வரும், அடுத்த தடவை இரண்டு மாதம் இழுக்கும். எது தள்ளிப்போன நாள் என்றே தெரியாதபோது அந்த முதல் நாளை எங்கே போய்த் தேடுவது? என்னைப் போல இருப்பவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நானும் வீட்டுக்காரரும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. ஊர் காங்கேயத்துக்குப் பக்கம். கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டியதும், நோம்பிக்குப் போனாலும் சீருக்குப் போனாலும் "ஏனம்மணி, விசேஷம் ஏதாச்சும் உண்டா?" என்ற கேள்விதான் முதலில் வரும். கேட்பவர்கள் பிரியத்தில்தான் கேட்கிறார்கள். கேட்டு முடித்துவிட்டு அவர்கள் பந்திக்குப் போய்விடுவார்கள், நாம்தான் அதைச் சுமந்துகொண்டு பஸ் ஏற வேண்டும்.

ஈரோட்டில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். மாத்திரை கொடுத்து மாதவிலக்கை வரவழைத்து, அப்புறம் முட்டை வளர மாத்திரை, அது வளர்கிறதா என்று பார்க்க ஃபாலிக்கிள் ஸ்கேன். எனக்கு முட்டை மெதுவாகத்தான் வளர்ந்தது. பதினாலாம் நாள் என்று எல்லோரும் சொல்கிற கணக்கு எனக்குப் பொருந்தவில்லை, அதற்கு வெகுநாள் கழித்துத்தான் முட்டை வெடிக்க ஊசி போட்டார்கள். போட்டுவிட்டு டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னது ஒன்றுதான்: "ரெண்டு வாரத்துக்குக் கார்டு வாங்கக் கூடாது."

காரணம் கேட்டதற்கு ஒரு தாளில் படம் போட்டே காட்டினார். முட்டை வெளியே வந்து, கரு உருவாகி, அது கர்ப்பப்பையில் ஒட்டிக்கொள்ள பெரும்பாலும் 6 முதல் 10 நாள் ஆகும், சிலருக்கு 12 நாள்கூட ஆகும். ஒட்டிய பிறகுதான் ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோன் உடம்பில் ஏறத் தொடங்கும். கார்டு தேடுவது அந்த ஹார்மோனைத்தான். ஆரம்பத்தில் அது இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். கடையில் கிடைக்கிற பல கார்டுகளில் மில்லிலிட்டருக்கு 25 மில்லி யூனிட் அளவுக்காவது இருந்தால்தான் கோடு தெளிவாக விழும். ஆகவே உள்ளே கரு ஒட்டியிருந்தும் இன்றைக்கு ஒற்றைக் கோடு, மூன்று நாள் கழித்து இரட்டைக் கோடு என்று வருவது சகஜம். இரண்டிலுமே கார்டின் மேல் குற்றமில்லை.

ஊசி விஷயம் இதற்கு நேர் எதிர். முட்டை வெடிக்கப் போடுகிற ஊசி பல பேருக்கு இதே ஹெச்.சி.ஜி.தான். அது உடம்பைவிட்டு முழுக்கப் போக பத்து நாள், சில சமயம் இரண்டு வாரம் பிடிக்கும். அதற்குள் கார்டு வைத்தால் ஊசி மருந்தே இரண்டு கோடு காட்டிவிடும். வீடே சந்தோஷப்பட்டு, அடுத்த வாரம் மாதவிலக்கு வந்தால் அந்த அடி தாங்க முடியாது. சிகிச்சையில் இருப்பவர்கள் என்ன ஊசி போட்டார்கள் என்பதைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊசி எதுவும் இல்லாமல், என்னைப் போல தேதியும் நிலையில்லாமல் இருந்தால்? கடைசியாகச் சேர்ந்திருந்த நாளிலிருந்து 21 நாள் எண்ணி அப்புறம் பாருங்கள் என்றார் டாக்டரம்மா. எனக்கு இதுதான் மிகவும் உபயோகமாகத் தோன்றியது, ஏனென்றால் அந்த நாள் நமக்குத் தெரியும். போனில் இருக்கிற ஆப் சொல்கிற தேதி, போன மாதக் கணக்கை வைத்துப் போட்ட யூகம்தானே.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்டுவிட்டால், கோயிலுக்குப் போக வேண்டும் என்று தள்ளிப்போடுகிற மாத்திரை போடுகிறவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். வரவில்லை என்றால் மாத்திரையால்தான் தள்ளுகிறது என்று வாரக்கணக்கில் விடாமல் ஒரு கார்டு வைத்துப் பார்ப்பது நல்லது. குழந்தைக்கு முயற்சி செய்கிற மாதத்தில் டாக்டரைக் கேட்காமல் அந்த மாத்திரையைத் தொடவே வேண்டாம் என்பது என் கட்சி. என் நங்கையாளுக்கு இதில் கோபம்தான்.

காத்திருந்த நாட்களில் வேலை பரவாயில்லை, ராத்திரிதான் ஓடாது. மார்பு வலித்தால் ஒரு நம்பிக்கை, அடிவயிறு இழுத்தால் ஒரு பயம். டாக்டர் கொடுத்த புரோஜெஸ்டிரோன் மாத்திரைக்கே இதெல்லாம் வரும் என்று தெரிந்திருந்தும் மனசு கேட்காது. கார்டை வாங்கி வைத்துக்கொள்ளட்டுமா என்று அமுச்சியிடம் போனில் கேட்டதற்கு, "உறை ஊத்துன பாலை நிமிசத்துக்கு ஒருக்காத் தொறந்து பாத்தா தயிராயிருமாக்கு?" என்று சிரித்தாள்.

சொன்ன நாள் முடிந்ததும் விடிகாலையில் எடுத்தேன். முதல் சிறுநீர்தான் நல்லது, ராத்திரி முழுக்கத் தேங்கி அடர்த்தியாக இருக்கும். எங்களூர் வெயிலுக்குப் பகலெல்லாம் தண்ணீர் குடித்துவிட்டு சாயங்காலம் பார்த்தால் ஆரம்ப நாட்களில் கோடு விழாமல் போகலாம். உறையில் இருக்கிற சொட்டுக் குழாயால் அட்டையில் சொன்ன அளவு மட்டும் விட்டு, கார்டைச் சமதரையில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்தேன். கார்டில் சி (C) என்று போட்ட பக்கம் கோடு விழவில்லை என்றால் கார்டே செல்லாது. டி (T) பக்கம் எனக்கு விழுந்தது மங்கலாகத்தான். அட்டையில் சொன்ன நேரத்துக்குள் விழுந்தால் மங்கலும் கணக்கில் சேரும். அரை மணி கழித்து குப்பைக் கூடையிலிருந்து எடுத்துப் பார்த்தால் தெரிகிற சாம்பல் கோடு, காய்ந்த தடமாக இருக்கலாம், அதை நம்பக் கூடாது.

"ஏனுங்க, இங்க வாங்க" என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கார்டை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, துணியில் கறை தேடுகிற மாதிரி வெகுநேரம் பார்த்தார். செக்கிங் டேபிள் புத்தி!

அன்றே ரத்தத்தில் பீட்டா ஹெச்.சி.ஜி. பார்த்தோம், இரண்டு நாள் விட்டு மறுபடியும் பார்த்தோம். எண் ஏறுகிறதா என்பதுதான் அதில் முக்கியம், ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார்கள். ஏறியிருந்தது. ஒரு பக்கமாகக் கடுமையான வயிற்று வலி, தலைசுற்றல், ரத்தப்போக்கு இவை இருந்தால் இந்தக் காத்திருப்பெல்லாம் கிடையாது, நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்கள். கரு குழாயில் தங்கினாலும் கார்டு இரண்டு கோடுதான் காட்டுமாம்.

முதல் ஸ்கேனில் பை மட்டும்தான் தெரிந்தது, துடிப்பு இல்லை. அத்தை முகம் வாடிவிட்டது. மாதவிலக்குத் தேதிப்படி ஏழு வாரம் தாண்டியிருந்தது, ஆனால் முட்டை தாமதமாக வந்ததால் உண்மையில் அவ்வளவு ஆகவில்லை. ஊசி போட்ட தேதியை வைத்து எண்ணிக் காட்டிவிட்டு, பத்து நாள் கழித்து வரச் சொன்னார் டாக்டரம்மா. அந்தத் தடவை துடிப்பு தெரிந்தது. ஊருக்குச் சொன்னது அதற்குப் பிறகுதான்.

அரசாங்கத்தில் கர்ப்பிணிகளுக்கான பிக்மி பதிவுக்குப் போனபோதும் கேட்டது கடைசி மாதவிலக்குத் தேதியைத்தான். தேதியைச் சொல்லிவிட்டு ஸ்கேன் தாளையும் கையில் கொடுத்தேன். நர்ஸம்மா இரண்டையும் பார்த்துவிட்டு, "ஸ்கேன்ல இருக்கற தேதியவே பிரசவத் தேதியாப் போட்டுக்கலாங் கண்ணு" என்றார்.