வேலி இல்லாத முகாம்

சனிக்கிழமை நண்பர்களோடு ஆளுக்கொரு பாத்திரமாகி ஆடும் கதை விளையாட்டுக்காக வேற்றுக்கிரகவாசிகளின் போர்க் கைதி முகாம் ஒன்றை வரைந்துகொண்டிருக்கிறேன். முதல் படத்தில் மின்வேலி, கோபுரம், லேசர். எனக்கே கொட்டாவி வந்தது, கிழித்துப் போட்டேன்.

பிறகு ஸ்டாலாக் லுஃப்ட் 3 பற்றிப் படித்தேன். இரண்டாம் உலகப் போரின்போது இன்றைய போலந்தில் இருந்த ஜெர்மானியப் போர்க் கைதி முகாம்; 1944 மார்ச்சில் 76 பேர் சுரங்கம் வழியே தப்பினார்கள். காவலர்களுக்கு இணையான தொல்லை அங்கே மண்தான். மேலே சாம்பல் நிறம், தோண்டினால் பளிச்சென்று மஞ்சள் மணல். அதைக் கால்சட்டைக்குள் தொங்கவிட்ட பைகளில் மறைத்து, நடந்துகொண்டே உதிர்த்திருக்கிறார்கள். பால்பவுடர் டின்களைக் கோத்துக் காற்றுக்குழாய்! (பிடிபட்ட 73 பேரில் 50 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அதை விளையாட்டில் வைக்க மனம் வரவில்லை.)

ஆட வருகிறவர்கள் இதற்குமேல் படிக்க வேண்டாம்.

என் முகாமில் வேலியே கிடையாது. காவலர்களுக்குக் கண்ணும் கிடையாது; வாசனையை வைத்துத்தான் தலை எண்ணுகிறார்கள். தப்பியவனின் அழுக்குச் சட்டையை இன்னொருவன் தோளில் போட்டுக்கொண்டால் கணக்கு சரியாகிவிடும். இதைக் கண்டுபிடிப்பதற்குள் ஒருவன் கட்டாயம் காவலரோடு மல்லுக்கு நிற்பான். யார் என்று எனக்கு இப்போதே தெரியும்.