லேத் விளக்கு மாற்றிய கதை: "24 வோல்ட்" என்று மட்டும் எழுதிய டப்பாவை நம்பாதீர்கள்

எங்கள் பட்டறை கோவை கணபதியில். பம்ப் ஷாஃப்ட், மோட்டார் ஷாஃப்ட் என்று பெரும்பாலும் ஜாப் ஒர்க்தான். இரும்பைச் சுழற்றிக் கடையும் பழைய லேத்தில் மெஷினோடு வந்த விளக்குக்கு 24 வோல்ட், 60 வாட் குண்டு பல்பு போட வேண்டும். பேனலுக்குள் இருக்கும் கண்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து அதற்கென்று தனி லைன். இத்தனை வருஷம் பல்பு போனால் வாங்கி மாட்டுவோம், அதோடு சரி. இப்போது தேடினால் அந்த பல்பு கிடைப்பதே அரிதாகிவிட்டது. ஒரு கடையில் கிடைத்த பழைய ஸ்டாக்கும் மெஷின் அதிர்வில் சீக்கிரமே ஃபிலமென்ட் அறுந்து போனது. எல்இடிக்கே மாறிவிடலாம் என்று கிளம்பினேன். அலைச்சல் அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் வந்த எலெக்ட்ரீஷியன் பேனலைத் திறக்கக்கூட இல்லை. "எதுக்குங்ண்ணா 24? நேரா 230 இழுத்து வீட்டு பல்பையே போட்டுக்கலாம். செலவும் கம்மி" என்றார். வேண்டவே வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகு பழைய விளக்கின் வளையும் குழாயைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஒயர் எண்ணெய் ஊறி விறைத்திருந்தது. விரலால் லேசாக மடக்கியதும் மேல்தோல் பொடிப்பொடியாக உதிர்ந்து செம்புக் கம்பி தெரிந்தது. 24 வோல்ட் என்பதால் அது யாருக்கும் தெரியாமலே ஓடியிருக்கிறது. அதே குழாயில் 230 இருந்து, கூலன்ட் (வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் திரவம்) வழியும் கையோடு யாராவது விளக்கைத் திருப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பகீர் என்கிறது. மெஷின் விளக்குக்கு 24 வோல்ட் வைத்தவர்கள் காரணத்தோடுதான் வைத்தார்கள். தயவுசெய்து அதை மாற்றாதீர்கள்.

அடுத்து கடை. டிரான்ஸ்ஃபார்மர் நேம் பிளேட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய் கவுன்டரில் காட்டினேன். "ஏசி 24ங்க. இந்த எல்இடி ஏசியில ஓடுமா?" என்று தெளிவாகவே கேட்டேன். "அதெல்லாம் ஓடுமுங்க, எல்லாப் பட்டறைக்கும் இதுதான் போகுது" என்று பில் போட்டார். டப்பாவில் 24 வோல்ட் என்று மட்டும் இருந்தது. ஏசியா டிசியா என்று எங்கேயும் இல்லை. மாட்டியதும் வெளிச்சம் அருமை. மறுநாளே கருகிய வாசம் வந்து அணைந்தது.

பிரித்துப் பார்த்தால் உள்ளே 35 வோல்ட் வரை தாங்கும் கெபாசிட்டர், தலை உப்பி வெடித்திருந்தது. டிரான்ஸ்ஃபார்மரில் மீட்டர் வைத்தேன், 27 வோல்ட் காட்டியது. 60 வாட் பல்பு எரியும்போது லோடில் இறங்கி 24-க்குப் பக்கமாக வரும். எல்இடி இழுப்பது சொற்பம், அதனால் வோல்டேஜ் இறங்குவதே இல்லை. ஏசியை ரெக்டிஃபை செய்தால், அதாவது டிசியாக மாற்றினால், உச்ச வோல்டேஜ் 1.41 மடங்கு ஆகும். 27-க்கு அது 38 வோல்ட். 35 வோல்ட் கெபாசிட்டர் அதில் எப்படித் தாங்கும்? அது டிசிக்கு மட்டும் செய்த விளக்கு.

திரும்பக் கொண்டுபோனால், "கருகினதை மாத்த முடியாதுங்க, உங்க லைன்லதான் கோளாறு" என்று கையை விரித்துவிட்டார்கள். மீட்டர் ரீடிங்கைக் காட்டியும் பிரயோஜனம் இல்லை. பில்லில் "லைட் 1" என்று மட்டும் எழுதியிருந்ததால் ஏசி என்று கேட்டு வாங்கியதற்கு அத்தாட்சியும் இல்லை. பணம் போனது போனதுதான். நீங்கள் வாங்கும்போது பில்லில் "24 வோல்ட் ஏசி/டிசி" என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அந்தக் கடை வேண்டாம்.

லாரி பல்பு போடலாம் என்றும் ஒருவர் யோசனை சொன்னார். 24 வோல்ட்தான், ஏசியிலும் எரியும். ஆனால் சூடான கண்ணாடியில் கூலன்ட் தெறித்தால் பட்டென்று விரிசல் விட்டுவிடும். விட்டுவிட்டேன்.

வேலை நிற்கக் கூடாதே என்று பக்கத்துப் பட்டறையில் இருந்து மேக்னட் வைத்த எல்இடி விளக்கு ஒன்றை இரவல் வாங்கினோம். தனி பிளக், விலை குறைந்த சாமான். அதை வைத்து 1000 ஆர்பிஎம்மில் (நிமிஷத்துக்கு 1000 சுற்று) ஓட்டியபோதுதான் இந்த வேலையிலேயே பயங்கரமான விஷயத்தைப் பார்த்தேன். மூன்று ஜாவால் (தாடையால்) ஜாபைப் பிடித்துச் சுழலும் சக், ஆறு ஜாவோடு கிட்டத்தட்ட நின்ற மாதிரி, மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. "சுத்துதா நிக்குதான்னே தெரியலைங்ண்ணா" என்றான் ஹெல்ப்பர் தம்பி. உடனே மெஷினை நிறுத்தி விளக்கைப் பிடுங்கி வைத்தேன்.

காரணம் இதுதான். நம் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். மட்டமான டிரைவர் (எல்இடிக்குக் கரன்ட் கொடுக்கும் சர்க்யூட்) உள்ள எல்இடி நொடிக்கு 100 முறை மங்கி எரியும். 1000 ஆர்பிஎம் என்றால் சக் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் வெளிச்சம் ஆறு முறை அடிக்கிறது. ஒவ்வொரு முறையும் ஜா சரியாக 60 டிகிரி தள்ளி நிற்பதால் மூன்று ஜா ஆறாகவும், கண்ணுக்கு அசையாத மாதிரியும் தெரிகிறது. குண்டு பல்பில் ஃபிலமென்ட் அதற்குள் ஆறுவதில்லை, அதனால் இந்தத் தொல்லை பெரிதாகத் தெரியாது. அந்தக் காலத்து மில்களில் டியூப் லைட்டுகளை மூன்று ஃபேஸிலும் பிரித்து மாட்டியதும் இதற்காகத்தான். கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம்: விளக்கை எரியவிட்டு போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுங்கள். வெளிச்சம் துடித்தால் அது லேத் பக்கம் வரவே கூடாது. ஏசி/டிசி என்று எழுதிய விளக்கையும் இப்படிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

கடைசியில் வழி காட்டியது மெஷின் சர்வீஸ் பார்க்கும் ஒரு பெரியவர். "டிசி விளக்கே வாங்கு கண்ணு. பேனல்ல ஒரு எஸ்எம்பிஎஸ் வெச்சு சுத்தமான 24 டிசி குடுத்துரு" என்றார். எஸ்எம்பிஎஸ் என்பது ஏசியை நிலையான டிசியாக மாற்றும் பெட்டி. அதிலும் ஒரு முட்டுக்கட்டை. எங்கள் பேனலுக்கு வருவது மூன்று ஃபேஸ் மட்டும், நியூட்ரல் கிடையாது. 230-க்கு எங்கே போவது? புதிதாக நியூட்ரல் இழுக்க எலெக்ட்ரீஷியன் சொன்ன கூலி விளக்கு விலையைத் தாண்டியது. டிரான்ஸ்ஃபார்மரில் கான்டாக்டர் (மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் ஸ்விட்ச்) காயிலுக்காக 110 வோல்ட் லைன் இருக்கிறதே என்று அப்போதுதான் பொறி தட்டியது. எஸ்எம்பிஎஸ் லேபிளில் இன்புட் 85 முதல் 264 வோல்ட் வரை என்று இருந்தால் 110-லேயே அது ஓடும். அப்படி ஒன்று வாங்கி மாட்டினேன். மீட்டரில் 24.1 டிசி, ஆடாமல் நின்றது. அதைப் பார்த்ததும்தான் போன உயிர் வந்தது.

லேபிளில் அந்த அளவு இல்லாமல் 110/230 என்று ஸ்விட்ச் வைத்தும் சில எஸ்எம்பிஎஸ் வருகிறது. அதில் ஸ்விட்சை 110-க்குத் தள்ளிய பிறகே லைன் கொடுங்கள். பேனலைத் திறக்கும் முன் மெயினை இறக்கி, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும், இதைச் சொல்லவே வேண்டியதில்லை.

விளக்கு 10 வாட், முன்பக்கம் டஃபன்டு கிளாஸ் (உறுதியாக்கிய கண்ணாடி), ஐபி 65 (தூசியும் தெறிக்கும் தண்ணீரும் உள்ளே போகாது). பிளாஸ்டிக் முகப்பு வேண்டாம். வெட்டி விழும் சூடான இரும்புச் சுருள் பட்டுப் பட்டு அது சீக்கிரமே பால் மாதிரி மங்கிவிடும். மேக்னட் பேஸும் வேண்டாம். அதிர்வில் நகர்கிறது, இரும்புத் தூள் எல்லாம் அதில் போய் அப்பிக்கொள்கிறது. பழைய துளைகளுக்கு ஒத்துவர ஒரு பிளேட் கடைந்து போல்ட் போட்டோம். ஒயர் மட்டும் எண்ணெய் தாங்கும் பியூ (பாலியூரித்தேன்) கேபிள். அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஃப்யூஸையும் பாருங்கள்: எங்கள் விளக்கு லைன் ஃப்யூஸில் எந்தப் புண்ணியவானோ செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தார். அதை எடுத்துவிட்டு 1 ஆம்பியர் கண்ணாடி ஃப்யூஸ் போட்டேன்.

கலர் 5000 கெல்வின் எடுத்தேன். அதைவிட நீலம் கலந்த 6500-ல் பளபளப்பான ஷாஃப்ட் கண்ணைக் கூசுகிறது, வெர்னியர் கோடு சரியாகத் தெரிவதில்லை. டூல் நிழல் வெட்டும் இடத்தில் விழாதபடி திருப்பி வைத்தோம். 6205 என்ற அளவு பேரிங் உட்காரும் 25 மில்லிமீட்டர் இடத்தை 25.002-க்கும் 25.015-க்கும் நடுவில் நிறுத்த வேண்டும். இப்போது கடைசி கட் ஓடும்போதே ஃபினிஷ் எப்படி வருகிறது என்று டூல் முனையில் தெரிகிறது. மைக்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு ஓட வேண்டியதில்லை.

அடுத்து மில்லிங் மெஷினுக்கு இதே வேலை இருக்கிறது. அதற்கு வளையும் கழுத்து அரை மீட்டராவது வேண்டும், தலை கனத்தில் தொங்கிப் போகவும் கூடாது. அப்படி ஒன்றை வாங்கி ஒரு வருஷமாவது ஓட்டியவர்கள் இருந்தால் எது, எங்கே என்று சொல்லுங்கள். வாங்குவதற்கு முன் நேரில் வந்து பார்க்கிறேன்.