என் பெயர் வைத்துப் பாடிய பாட்டு

மொன்றியலில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். மதியச் சாப்பாட்டு அறையில் கேக்கை வைத்து மெழுகுதிரி ஏற்றினார்கள். வழக்கமான 'ஹாப்பி பர்த்டே' வரும் என்று நின்றிருந்தேன். வந்தது வேறு. மெதுவான, லேசாகச் சோகம் தோய்ந்த மெட்டில் எல்லோரும் பிரெஞ்சில் பாடினார்கள், நடுவில் என் பெயர். "இப்போது உன் முறை, எங்கள் அன்பைக் கேட்டுக்கொள்" என்று அர்த்தமாம். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஊரை விட்டு வந்தபின் அத்தனை பேர் சேர்ந்து என் பெயரைச் சொன்னது அன்றுதான்.

'ஜான் டு பேயி', அதாவது நாட்டு மக்களே, என்ற அந்தப் பாட்டை எழுதியவர் ஷீல் வின்யோ. 1975இல், மொன்றியல் இருக்கும் பிரெஞ்சு மொழி மாகாணமான கியூபெக்கின் மக்கள் கொண்டாடும் புனித யோவான் திருநாளில், மோன் றோயால் மலையில் கூடியிருந்த கூட்டத்துக்கு முன்னால் பாடினார். பிறந்தநாளுக்கு ஆங்கில மெட்டைக் கடன் வாங்காமல் தங்களுக்கென்று ஒன்று வேண்டும் என்ற ஆசையும் அதற்குள் இருந்தது. 'நாட்டு மக்களே' என்ற இடத்தில் பிறந்தநாள்காரரின் பெயரைப் போட்டால் முடிந்தது. நம்மவரின் நீளப் பெயர்கள் வரும்போது மட்டும் பாட்டு ஒரு கணம் மூச்சு வாங்கும். எட்டு எழுத்துப் பெயரை அந்தச் சின்ன இடைவெளிக்குள் அடக்க அவர்கள் படும் பாட்டைப் பார்த்தால் சிரிப்பும் வரும், பாசமும் வரும்.

1980இல், கியூபெக் தனி நாடாவதற்கான பொதுவாக்கெடுப்பில் தோற்ற இரவில், அன்றைய மாகாண முதல்வர் ரெனே லெவெக் தன் ஆதரவாளர்களோடு பாடியதும் இதையேதான். ஒரு மக்கள் கூட்டம் தன் கீதமாக நினைக்கும் பாட்டில், நேற்று வந்தவனின் பெயருக்கும் இடம் விடுகிறார்கள். இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது என்று சொல்ல இதைவிடப் பெரிய காரணம் என்னிடம் இல்லை.

ஆனால் அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் மனம் நம் வீட்டுக்குத்தான் போகிறது. பிறந்த நட்சத்திரத்தன்று விடியவே எழுப்பி, தலை முழுக வைத்து, அம்மா கோயிலுக்குக் கூட்டிப்போவார். ஐயர் நட்சத்திரத்தையும் பெயரையும் இழுத்துச் சொல்லி அர்ச்சனை செய்வார். வருடத்தில் அந்த ஒருநாள் என் பெயர் ராகத்தோடு காதில் விழும். கேக் வெட்டும் வழக்கம் வீட்டுக்குள் வந்தபோது அதனோடு ஆங்கிலப் பாட்டும் வந்தது.

இதுதான் என் மனக்குறை. அந்த மெட்டு 1893இல் அமெரிக்காவின் லூயிவில் நகரத்து ஹில் சகோதரிகள் பாலர் வகுப்புக்காக வெளியிட்ட காலை வணக்கப் பாட்டு. பிறந்தநாள் வரிகள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டன. 1935 முதல் ஒரு நிறுவனம் உரிமை கொண்டாடி, படங்களில் பாடினால் பணம் வாங்கியது. அந்த உரிமை செல்லாது என்று அமெரிக்க நீதிமன்றம் சொன்னது 2015இல்தான். நல்ல மெட்டு, குழந்தைகளுக்கு உடனே பிடிபடும், குறை சொல்ல எதுவும் இல்லை. நம்மிடம் இல்லாததற்காகவா அதை எடுத்தோம் என்பதே என் கேள்வி. தொட்டிலுக்குத் தாலாட்டு, ஊஞ்சலுக்கு ஊஞ்சல் பாட்டு, சாவுக்கு ஒப்பாரி என்று வைத்திருக்கிறவர்கள் நாம். கண்ணன் பிறந்த வீட்டில் எண்ணெயும் வாசனைப் பொடியும் தூவித் தூவி முற்றமே சேறானதைப் பெரியாழ்வார் பாடியிருக்கிறார். பல்லாண்டு வாழ்த்தும் அவர் வாயில் பிறந்ததே. மீனாட்சியைக் குழந்தையாக்கிப் பத்துப் பருவமும் பாடி வைத்தார் குமரகுருபரர். தெய்வக் குழந்தைக்கு இத்தனை செய்துவிட்டு, வீட்டுக் குழந்தை கேக் முன்னால் நிற்கும்போது மட்டும் நாம் ஏன் தமிழை மறந்துபோகிறோம்?

இப்போது கவிஞர் அறிவுமதியின் 'நீண்ட நீண்ட காலம்' என்ற தமிழ்ப் பிறந்தநாள் பாட்டு இருக்கிறது. இங்கே சில வீடுகளில் அதைப் பாடக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் கேக் வெட்டி முடிந்து, பிள்ளைகள் தட்டோடு கலைந்த பிறகு, தொலைபேசியில் ஓடவிடுகிறார்கள். அது எனக்குப் போதவில்லை. எங்கள் வீட்டில் இந்த வருடம் மெழுகுதிரி எரியும்போதே, வாயால், அதுதான் முதல். அடுத்தது வின்யோவின் பாட்டு, மகள் இங்கே பிறந்தவள், அது அவளுக்கும் சொந்தம். ஆங்கிலப் பாட்டு மூன்றாவது. மகளுக்கு இந்த வரிசை சம்மதம். ஊரிலிருந்து அம்மா மட்டும் ஒரு திருத்தம் சொன்னார்: இதெல்லாம் நட்சத்திரம் வருகிற நாளில் நடக்க வேண்டுமாம், சனிக்கிழமை பார்த்து அல்ல.