காரையாற்றுக் காட்டில் சொரிமுத்தையன்

குலதெய்வம் எதுவென்று தெரியாமல் போன குடும்பத்துக்கும் போக ஒரு வாசல் உண்டென்றால் அது சொரிமுத்தையன் என்கிற சொரிமுத்து அய்யனார் வாசல்தான். ஆனால் ஐயன் இருப்பது நெல்லைச் சீமையில், பாபநாசத்துக்கு மேலே காட்டுக்குள். 1988 முதல் அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். பாபநாசம் வனச் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பையைப் பிரித்துப் பார்ப்பார்கள். அரிசி, வெல்லம், தேங்காய் எல்லாம் துணிப்பையில் இருந்தால் நேரம் மிச்சம்.

ஆடி அமாவாசைக்குச் சொந்த வண்டியை மேலே விடமாட்டார்கள், அரசுப் பேருந்துதான். அந்த நெரிசலில் கைக்குழந்தையோடு ஏறுவது பெரும்பாடு. பிள்ளைக்கு முடியிறக்க மட்டும் என்றால் கூட்டமில்லாத நாளில் விடியக் கிளம்பி, பொழுது சாயுமுன் இறங்கிவிடலாம். பொங்கல் வைக்க இடம் பிடித்துத் தருகிறேன் என்று வருகிறவர்களிடம் முதலிலேயே தொகை பேசிக்கொள்ளுங்கள். அடுப்பு எரிந்த பிறகு கேட்கிற காசு வேறாக இருக்கும். சாமி கும்பிட வந்த இடத்தில் இது பெரிய வேதனை.

கோயிலை ஒட்டி ஓடும் தாமிரபரணியில் குளிக்கும்போது கரையோரமாகவே முங்குங்கள். மேலே அணை இருப்பதால் தண்ணீர் திறந்தால் மட்டம் சட்டென்று ஏறும், பாறையும் வழுக்கும். கட்டிய துணியை ஆற்றில் விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அது ஓடிப்போகாது. பாறை இடுக்கிலும் மர வேரிலும் சுற்றிக்கொண்டு கிடக்கும். நைலான் சேலை மக்காது, அடுத்து முங்குகிறவர் காலைப் பின்னும். தூத்துக்குடி வரை குடிக்கிற தண்ணீர் இது. ஈரத்துணியைப் பிழிந்து வீட்டுக்கே கொண்டு போங்கள்.

கோயிலில் ஓர் இலுப்பை நிற்கிறது, மணிவிழுங்கி மரம். நேர்ந்துகொண்டவர்கள் ஆணி அடித்து மாட்டிய மணிகளைப் பட்டை மூடிக்கொண்டு வருகிறது. ஒரு மணி பாதி தெரியும், இன்னொன்றின் விளிம்பு மட்டும் தெரியும். மரம் பட்டைக்கு அடியில்தான் பருக்கும். அதனால் ஆணி அடித்த உயரத்திலேயே நிற்க, பட்டை உதடுபோல் மடிந்து அதை உள்ளே வாங்கும். ஐயன் வேண்டுதலை ஏற்றுக்கொண்டார் என்று கும்பிடுகிறோம், அது சத்தியம். ஆனால் ஒவ்வோர் ஆணித்துளையும் பூஞ்சைக்கு வழி. அந்த மரம் நூறு தலைமுறை நிற்க வேண்டாமா? மணியைக் கோயிலில் ஒப்படைத்தாலும் ஐயன் காதில் விழும்.

சங்கிலி பூதத்தார், பேச்சி, தளவாய் மாடன் எல்லாரையும் கும்பிட்டுவிட்டுப் பட்டவராயன் முன்னால் நின்று பாருங்கள். ஆநிரை காக்கப் போராடி உயிரைக் கொடுத்தவர். அவருக்குத் தோல் செருப்புதான் காணிக்கை. பழைய செருப்புகளின் அடியைப் பாருங்கள். தேய்ந்திருக்கும். ராத்திரி இந்தக் காட்டைக் காவல் சுற்றுகிறார். நாம் தூங்கும்போதும் நடக்கிற காலுக்கு ஒரு ஜோடி செருப்பு கொடுக்கக் கிடைத்ததே, அப்பனே, அது போதும்.